முகாமைத்துவ ஆய்வில் கதையும் விஞ்ஞானமும்: ஒரு விமர்சன நோக்கு

1

வணிகமும் முகாமைத்துவமும் பல்கலைக்கழகக் கல்வித் துறைகளாக நிலைபெற்று ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரி 1908இல் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்தே பிரெடரிக் வின்ஸ்லோ டெயிலர் அங்கு விரிவுரை நிகழ்த்தலானார். இன்று இத்துறையிற் புகும் மாணவர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் பெயர்களுள் டெயிலரின் பெயரும், அவருக்குப் பின்வந்த எல்ரன் மேயோவின் பெயரும் அடங்கும். நமது பல்கலைக்கழகங்களும் இதற்கு விலக்கல்ல. முன்னவர் உழைப்பை அளந்தவர் எனவும், பின்னவர் உழைப்பாளியின் உள்ளத்தை அறிந்தவர் எனவும் பாடநூல்கள் பாகுபடுத்திக் கூறும். ஒருவரை மற்றவர் மறுத்து முன்சென்றார் என்பதே இத்துறை தன் வரலாறாகச் சொல்லிவரும் வரலாறு.

இவ்வாறான நூல்களில் இலக்கிய விமர்சகனுக்கு என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். அவற்றை ஊன்றிப் படிப்போருக்கு விடை தெளிவாகும். முகாமைத்துவ ஆய்வின் மூலநூல்கள் தம் கொள்கையை நிறுவ முற்படும் முக்கியமான இடங்களில் கதை சொல்லுகின்றன. அக்கதைகளிற் பாத்திரங்கள் உள்ளன, உரையாடல் உள்ளது, யார் கண்ணால் நிகழ்ச்சி காணப்படுகிறது என்னும் நோக்குநிலைப் பிரச்சினையும் உள்ளது. இவற்றை ஆராய்வதற்கான கருவிகள் பொருளியலாளரிடத்திலும் பார்க்க நம்மிடமே கூடுதலாக உள்ளன. உழைப்பாளியிடமிருந்து அவன் பேச்சைப் பறித்து, அவனுக்குப் பதிலாகத் தானே பேசும் உரிமையை ஆய்வாளன் பெற்றுக்கொள்வதே இந்நூல்களிற் பொதுவாகக் காணப்படும் எடுத்துரைப்பு முறை என்பதும், அம்முறையின் வேர் எழுத்தாளனின் மனப்பாங்கிலன்றி உற்பத்தி உறவிலேயே உள்ளதென்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

2

டெயிலரின் 'விஞ்ஞான முகாமைத்துவத்தின் கோட்பாடுகள்' 1911இல் வெளிவந்தது. அதன் புகழ்பெற்ற பகுதி, பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பெத்லஹேம் இரும்பாலையிற் சுமைவேலை செய்த தொழிலாளி ஒருவரைப் பற்றியது. ஏறத்தாழ 92 இறாத்தல் நிறையுள்ள இரும்புப் பாளத்தைக் குனிந்தெடுத்து, சாய்ந்த பலகைமீது நடந்துசென்று, புகையிரதப் பெட்டியினுள் இடுவதே வேலை. ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 12½ தொன் ஏற்றிவந்தார். 47 தொன் வரை ஏற்றுதல் இயலும் என்று டெயிலர் கணக்கிட்டார். 75 பேர் கொண்ட குழுவிலிருந்து ஒருவரைத் தெரிந்தெடுத்து, 'ஷ்மிட்' என அவருக்குப் புனைபெயரும் இட்டார். நாளொன்றுக்கு 1 டொலர் 15 சதம் பெற்றுவந்த ஷ்மிட்டுக்கு 1 டொலர் 85 சதம் வாக்களிக்கப்படுகிறது. எடு, நட, அமர்ந்து இளைப்பாறு என்று கடிகாரத்துடன் நின்ற ஒருவர் ஆணையிட, மாலைக்குள் 47½ தொன் ஏற்றி முடிக்கப்பட்டதாகக் கதை நிறைவெய்துகிறது.

இக்கதையின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. டெயிலருக்கும் ஷ்மிட்டுக்கும் இடையே நிகழ்ந்ததாக ஒரு நீண்ட உரையாடல் தரப்படுகிறது. கதைசொல்லியின் பேச்சு தெளிவான ஆங்கிலத்தில் அமைய, ஷ்மிட்டின் சில சொற்கள் மட்டும் ஜெர்மானிய உச்சரிப்புச் சிதைவுகளுடன் எழுத்திலே பெயர்க்கப்பட்டுள்ளன. பாத்திரங்களைப் பேச்சுமொழியிற் பேசவிடுவது யதார்த்த இலக்கியத்தின் பொதுப் பண்பு என ஒருவர் கூறலாம். ஆயின் பேச்சுமொழி எப்பயனுக்காகக் கையாளப்படுகிறது என்பதே வினா. ஈழத்தில் 1960களில் எழுந்த மரபு பற்றிய விவாதத்தின்போது, கே. டானியல் முதலிய முற்போக்கு எழுத்தாளர் ஒடுக்கப்பட்ட மக்களின் வழக்குமொழியை இலக்கியத்துக்குட் கொணர்ந்தமைக்காகக் கண்டிக்கப்பட்டனர். அவர்கள் கைகளில் அம்மொழி தன் வாழ்வைத் தானே விளக்கும் மனிதரின் குரலாயிற்று. டெயிலரின் நூலில் அதே உத்தி எதிர்த்திசையிற் செயற்படுகிறது. ஷ்மிட்டின் உச்சரிப்பு அவரது சிந்தனைக் குறைவுக்குச் சான்றாக்கப்படுகிறது. கேட்பதற்குத் தலையசைப்பதும், பணம் வேண்டும் என்பதும், ஆணைக்கு உடன்படுவதுமே அவருக்கு விடப்பட்ட பேச்சு. எதிர்ப்பேச்சு கூடாது என்று உரையாடலிலேயே அவரிடம் வெளிப்படையாகக் கூறப்படுகிறது.

பாத்திரப் படைப்பில் உள்ள முரண்பாடு இதனிலும் முக்கியமானது. பாளம் சுமப்பதற்குத் தகுதியானவன் மனவமைப்பில் எருதை ஒத்தவனாக இருக்க வேண்டும் என்பது டெயிலரின் கருத்து. தான் செய்யும் வேலையின் விஞ்ஞானத்தை அவனால் அறிந்துகொள்ள இயலாதென்றும், ஆதலால் அவனிலும் அறிவு மிக்க ஒருவர் அவனை வழிநடத்த வேண்டுமென்றும் அவர் வாதிடுகிறார். ஆனால் அதே ஷ்மிட், பகல் முழுதும் சுமந்தபின் மாலையில் ஒரு மைல் தூரம் களைப்பின்றி வீட்டுக்கு ஓடியவர் என்றும், சிறு நிலம் ஒன்றை வாங்கி அதில் தமக்கென வீடு கட்டிவந்தவர் என்றும், ஒவ்வொரு சதத்தையும் கணக்குப் பார்த்தவர் என்றும் நூலே கூறுகிறது. எவரும் கடிகாரத்துடன் அருகே நில்லாமலே ஒருவர் சுவர் எழுப்பினார் எனில், திட்டமிடும் ஆற்றல் அவரிடம் இருந்தது என்பதே பொருள். ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' என்ற நூலில் இம்முரண்பாட்டை ஏளனத்தோடு சுட்டிக்காட்டினார். செம்புத் தொழிலாளராகப் பயின்று பின்னர் நூல் வெளியீட்டுத் துறைக்கு வந்த பிறேவர்மனுக்கு, கையும் அறிவும் ஒரே மனிதனிடம் இருப்பது நூலறிவாற் பெற்ற செய்தியன்று.

கதை மறைப்பதை அதன் எண்களே வெளிப்படுத்துகின்றன. டெயிலர் தரும் அளவுகளைக் கொண்டு பார்த்தால், உற்பத்தி ஏறத்தாழ நான்கு மடங்காக, கூலி 60 சதவீதமளவே உயர்ந்துள்ளது. ஒரு தொன் ஏற்றுவதற்கான கூலிச் செலவு 9 சதத்துக்கு மேலிருந்து 4 சதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அன்றியும், எட்டுப் பேரில் ஒருவரே இவ்வேகத்தைத் தாங்க வல்லவர் என்று நூல் ஒப்புக்கொள்கிறது. எஞ்சிய எழுவர் கதையிற் பாத்திரங்களாக இடம்பெறவில்லை. வெற்றி பெற்ற ஒருவனின் கதையாக அமைந்த எடுத்துரைப்பு, நீங்கியோரின் கதையாகவும் எழுதப்பட்டிருக்கலாம்.

3

பழைய நூல்களைப் பதிப்பிப்போர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காண்பர். சி. வை. தாமோதரம்பிள்ளை காலந்தொட்டு நமக்குப் பழக்கமான இம்முயற்சி டெயிலரின் நூலுக்கும் பொருந்தும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. சார்ள்ஸ் ரெகே, அமெடியோ பெரோனி ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், பெத்லஹேம் ஆலையின் ஆவணங்களையும் டெயிலர் வெவ்வேறு காலங்களில் இக்கதையைக் கூறிய வடிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தனர். சொல்லுந்தோறும் கதை மாறிச் சென்றமை தெரியவந்தது. ஷ்மிட் என்பவர் ஹென்றி நோல் என்னும் உண்மைத் தொழிலாளி. ஆயினும் நூலில் உள்ளவாறு அவர் தெரிந்தெடுக்கப்பட்டதற்கும் பயிற்றப்பட்டதற்கும் ஆவணச் சான்று கிட்டவில்லை.

டெயிலரின் உதவியாளர் இருவர் 1899இல் எழுதிய அறிக்கை வேறொரு வரலாற்றைக் கூறுகிறது. உடல்வலிமை மிக்க ஹங்கேரியத் தொழிலாளர் பதின்மர் ஒரு பெட்டியை முழுவேகத்தில் நிரப்புமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் அதை 14 நிமிடத்தில் முடித்தனர். அவ்வேகத்தை நாள் முழுமைக்கும் பெருக்கி 75 தொன் எனக் கொண்டு, ஓய்வுக்கும் தாமதத்துக்குமாக 40 சதவீதம் கழித்து, நாளொன்றுக்கு 45 தொன் என்ற அளவு விதிக்கப்பட்டது. கழிக்கப்பட்ட 40 சதவீதம் எந்த அளவீட்டிலிருந்தும் பெறப்பட்டதன்று. புதிய கூலிமுறைப்படி வேலை செய்ய மறுத்தோர் நீக்கப்பட்டனர். நூலில் விஞ்ஞான விதியாகத் தோன்றுவது, ஆவணத்தில் மதிப்பீடாகவும் கட்டளையாகவும் காட்சியளிக்கிறது.

நூலாசிரியர் யார் என்பதிலும் ஐயம் எழுந்தது. நூலின் பெரும்பகுதி டெயிலரின் அணுக்கரான மொறிஸ் குக் எழுதிய கையெழுத்துப் பிரதியிலிருந்து வந்ததென ரெகேயும் ஆன் மேரி ஸ்டொட்காவும் 1978இல் எடுத்துக்காட்டினர். 'விஞ்ஞான முகாமைத்துவம்' என்ற பெயரின் தோற்றமும் கவனத்துக்குரியது. புகையிரதக் கம்பனிகள் கட்டண உயர்வு கோரிய வழக்கில், அதை எதிர்த்து வாதிட்ட லூயிஸ் பிறண்டைஸ் 1910இல் டெயிலரின் ஆதரவாளரைக் கூட்டி ஆலோசித்த வேளையிலேயே இப்பெயர் தெரிவுசெய்யப்பட்டது. வழக்கு மன்றத்துக்கு ஏற்ற சொல்லாக அமைந்தது, பின்னர் ஒரு கல்வித் துறையின் முகவரியாயிற்று.

டெயிலருக்குச் சார்பாகக் கூறத்தக்கவையும் உள. இடையிடையே ஓய்வு தேவை என்பதை அவர் உணர்ந்தார். கூலியை உயர்த்துமாறும் வற்புறுத்தினார். இக்கதையை ஆய்வறிக்கையாகக் கொள்ளாது கருத்தைப் புலப்படுத்தும் உவமைக் கதையாகக் கொள்ளவேண்டும் என 2001இல் இரு முகாமைத்துவ ஆய்வாளர் வாதிட்டனர். இலக்கிய மாணவருக்கு உவமைக் கதைமீது வெறுப்பில்லை. ஆனால் உவமைக் கதை தன்னை உவமைக் கதையென்றே அறிவித்துக்கொள்ளும். ஒருவரின் முதுகில் நாளொன்றுக்கு எத்தனை இறாத்தல் ஏற்றலாம் என்பதைத் தீர்மானிக்கும் நூலுக்குக் கற்பனை உரிமை வழங்க இயலாது.

4

தொழிலாளரின் குரல் இக்காலத்தில் எழுத்தில் வராமலே போய்விட்டதா? மசச்சூசெற்ஸ் மாநிலத்து வோட்டர்டவுன் அரச ஆயுதத் தொழிற்சாலையில் 1911 ஓகஸ்டில் நிகழ்ந்தது இதற்கு விடையாகும். வார்ப்புத் தொழிலாளர் நிறுத்தற் கடிகாரத்தால் அளக்கப்படுவதை எதிர்த்து விண்ணப்பம் ஒன்றை எழுதினர். தம்மால் இயன்ற சிறந்த உழைப்பை எப்போதும் அரசுக்கு வழங்கிவந்த தமக்கு இம்முறை இழிவு தருவது என்பதே அவர்தம் முறையீடு. அளக்கப்பட மறுத்த ஒருவர் நீக்கப்பட்டதும் ஏனையோர் வேலையை விட்டு வெளியேறினர். காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன்னர் 1912 ஜனவரியில் டெயிலரே சாட்சியம் அளிக்க நேர்ந்தது. அரச நிதியில் நடைபெறும் இராணுவ வேலைகளில் நிறுத்தற் கடிகாரத்தை 1915இல் காங்கிரஸ் தடைசெய்தது. அத்தடை 1949 வரை நீடித்தது. அவ்விண்ணப்பத்தை டெயிலரின் நூலோடு ஒருங்குவைத்துக் கற்பிக்கும் முகாமைத்துவப் பாடநூல்கள் அரியன. எந்நூல் பாடமாகிறது, எது ஆவணக் காப்பகத்தில் உறங்குகிறது என்பதும் வர்க்கப் பிரச்சினையே.

தொழிலாளி எருதல்லன் என்பது இவ்வெதிர்ப்புகளால் உறுதியான பின்னரே 'மனித உறவுகள்' என்னும் அடுத்த கட்டம் வருகிறது. சிகாகோவை அடுத்த சிசரோவில் இருந்த வெஸ்டர்ன் எலெக்றிக் கம்பனியின் ஹோதோர்ன் ஆலையில் 1924 முதல் சுமார் எட்டாண்டுகள் பரிசோதனைகள் நடந்தன. 1927இல் தொடங்கிய புகழ்பெற்ற சோதனை அறையில், தொலைபேசிக்கான 'ரிலே' என்னும் உறுப்புகளை ஐந்து பெண்கள் பொருத்த, ஆறாமவர் வேண்டிய பாகங்களை எடுத்துக்கொடுத்தார். உற்பத்தி உயர்ந்தது. ஓய்வோ ஒளியோ காரணமன்று, தம்மீது அக்கறை காட்டப்படுகிறது என்ற உணர்வே காரணம் எனும் விளக்கம் மேயோவோடும் அவருடைய ஹாவார்ட் சகாக்களோடும் இணைந்து உலகெங்கும் பரவியது.

இவ்விளக்கத்தை அவுஸ்திரேலியரான அலெக்ஸ் கேரி 1967இல் கடுமையாக விமர்சித்தார். சோதனை அறைக்குள் வந்த பெண்களுக்குத் தம் சிறு குழுவின் உற்பத்தியையே அடிப்படையாகக் கொண்ட புதிய கூலிமுறை வழங்கப்பட்டிருந்தது. வேறொரு குழுவில் அக்கூலிமுறையை மட்டும் மாற்றியபோது, உற்பத்தி ஏறத்தாழ 12 சதவீதம் உயர்ந்து, அது நிறுத்தப்பட்டதும் வீழ்ந்தது. அன்றியும், பேச்சை நிறுத்தும்படி கண்டிக்கப்பட்டும் அடங்காத இரு பெண்கள் 1928 ஜனவரியில் அறையிலிருந்து அகற்றப்பட்டு, வேறிருவர் அமர்த்தப்பட்டனர். அதன் பின்னரே உற்பத்தி பெரிதும் ஏறியது. நட்புறவின் கதையாகச் சொல்லப்பட்டதன் நடுவே இவ்வாறு ஒரு வெளியேற்றம் நிகழ்ந்துள்ளது.

அகற்றப்பட்ட பெண்களுள் ஒருவர் எவ்வாறு எழுதப்பட்டார் என்பது, எடுத்துரைப்பின் அரசியலை அறிய விரும்புவோர்க்கு அரிய சான்று. அவர் 'போல்ஷ்விக்' ஆகிவிட்டார் என்று கூறப்பட்டதாக மேயோ குறித்தார். அவருடைய எதிர்ப்பு மனப்பாங்குக்கு, மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்த இரத்தச் சோகையைக் காரணமாகவும் காட்டினார். டேனா பிறமெல், றொனல்ட் பிறென்ட் ஆகியோர் 1981இல் எழுதிய கட்டுரை இதனை விரிவாக எடுத்துரைக்கிறது. கூலிபற்றியும் கண்காணிப்புப்பற்றியும் ஒரு பெண்ணுக்கு இருந்த கருத்து, அவருடைய உடற்குறையின் அறிகுறியாகப் படிக்கப்படுகிறது. டெயிலர் தொழிலாளியின் அறிவை மறுத்தார். மேயோ அவ்வறிவை ஒப்புக்கொண்டு, அதற்கு நோய் என்று பெயரிட்டார்.

1931 நவம்பர் முதல் 1932 மே வரை 14 ஆண்கள் அவதானிக்கப்பட்ட கம்பியிணைப்பு அறையிலும் இதுவே நிகழ்ந்தது. அவர்கள் தமக்குள் ஓர் அளவை வகுத்து அதற்குமேல் உற்பத்தி செய்யாதிருந்தனர். மிகுதியாகச் செய்தால் கூலிவீதம் குறையும், ஆட்குறைப்பு வரும் என்பது அவர்கள் கூறிய காரணம். பொருளாதார மந்தம் கடுமையாக நிலவிய அவ்வாண்டுகளில் இதைவிடத் தெளிந்த பொருளியல் நோக்கு வேறெது? ஆயின் ஆய்வாளர் இதனைக் குழு உணர்ச்சியின் தர்க்கம் என வகைப்படுத்தினர். பகுத்தறிவு முகாமையாளர்க்கும் உணர்ச்சி தொழிலாளர்க்கும் எனப் பங்கிடப்பட்டுவிட்டது.

5

இவ்வளவும் கூறிய மார்க்சியவாதி தன் பக்கத்தைத் திரும்பிப் பாராதிருத்தல் நேர்மையன்று. லெனின் 1913, 1914 ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் டெயிலர் முறையை உழைப்பாளியை மேலும் பிழியும் ஏற்பாடு எனவும், மனிதனை இயந்திரத்துக்கு அடிமையாக்குவது எனவும் கண்டித்தார். அவரே 1918இல், சோவியத் அரசின் உடனடிப் பணிகளை வகுத்தபோது, அம்முறையின் கொடுமையையும் அதிலடங்கிய விஞ்ஞானச் சாதனையையும் பிரித்தறிந்து, பின்னதைக் கற்குமாறு வேண்டினார். போரினாற் சிதைந்த நாட்டின் நெருக்கடியை நோக்க இது விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆயினும் கொடுமையையும் விஞ்ஞானத்தையும் அவ்வாறு பிரித்தெடுத்தல் கூடுமா என்ற வினா எஞ்சுகிறது. சிந்திப்போரையும் செய்வோரையும் வேறாக்குவதே அம்முறையின் உயிர்நாடி எனப் பிறேவர்மன் விளக்கியதை ஏற்றால், உடைமை மாற்றம் மட்டும் அதனை நீக்கிவிடாது என்பதையும் ஏற்கவேண்டும்.

இவ்வினாவை ஒரு கவிஞரின் வாழ்வு நம் முன் நிறுத்துகிறது. அலெக்ஸி காஸ்தெவ் உலோகத் தொழிலாளி, புரட்சியாளர். தொழிற்சாலைப் பாட்டாளியின் எழுச்சியைப் பாடிய அவருடைய தொகுப்பு 1918இல் வெளிவந்தது. அதன்பின் கவிதையைப் படிப்படியாகக் கைவிட்டு, 1920இல் மொஸ்கோவில் மத்திய உழைப்பு நிறுவனத்தை அமைத்தார். சுத்தியலை ஓங்கும் கையின் ஒவ்வோர் அசைவும் அங்கே படம்பிடிக்கப்பட்டு அளக்கப்பட்டது. பிளேட்டன் கெர்ஷென்செவ் முதலிய கம்யூனிஸ்டுகள் இதனை எதிர்த்து, உழைப்பின் ஒழுங்கமைப்பில் தொழிலாளர் தாமே பங்குபற்ற வேண்டும் என வாதிட்டனர். காஸ்தெவ் 1938இல் கைதாகி 1939இல் சுட்டுக்கொல்லப்பட்டார். பாட்டாளியின் குரலாகத் தொடங்கியவர் பாட்டாளியின் அசைவை அளப்பவராக முடிந்ததையும், அவரையே அரசு விழுங்கியதையும் தனிமனித அவலமாக மட்டும் கண்டு அமைதியுற முடியாது. எவர் பெயரால் நடப்பினும், உழைப்பாளியின் வாய்மொழியைக் கேளாத உழைப்பு விஞ்ஞானம் அவன்மீது செலுத்தப்படும் அதிகாரமாகவே முடியும்.

6

டெயிலரின் கதை தளர்வுற்றது என்று 1974இலேயே காட்டப்பட்டும், மேயோவின் கதை 1967இலேயே கேள்விக்குள்ளாகியும், இரண்டும் பாடநூல்களில் நிலைத்திருப்பது ஏன்? அறிஞர் கவனக்குறைவே காரணம் என்று கூறுதல் போதாது. முதலாளி சந்தையில் வாங்குவது உழைப்புச் சக்தியை. அவருக்கு வேண்டியதோ செய்துமுடிக்கப்பட்ட உழைப்பு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' முதற்பாகத்தில் விளக்கினார். அத்தூரத்தைக் கடக்க ஒருவர் ஆணையிடவும் மற்றவர் பணியவும் வேண்டியுள்ளவரை, அவ்வேற்பாட்டை இயற்கையெனக் காட்டும் கதைகளுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும். ஆகவே கதை பொய்யென நிறுவுவதோடு விமர்சனத்தின் வேலை முடிவதில்லை. அக்கதை எவருக்குத் தேவைப்படுகிறது என்று கேட்பதும் அதன் கடமை.

கடிகாரம் பிடித்து நின்ற மனிதர் இன்று மறைந்துவிட்டார், கடிகாரம் மறையவில்லை. அமேசான் கம்பனியின் களஞ்சியங்களில் தொழிலாளியின் கையிலுள்ள கருவியே அவர் வேலையின்றி நிற்கும் நேரத்தைக் கணக்கிடுகிறது. களஞ்சியத் தொழிலாளருக்கு விதிக்கப்படும் வேலையளவை அவர்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டுமெனக் கலிபோர்னியா மாநிலம் 2021இல் சட்டம் இயற்றவேண்டியிருந்தது. தம்மை அளக்கும் அளவு யாதென்பதை அறியும் உரிமைக்கே சட்டம் தேவைப்பட்டது என்பது சிந்திக்கற்பாலது.

முகாமைத்துவத் துறை மாணவர்க்கும் இலக்கிய மாணவர்க்கும் பொதுவான ஒரு பணி இங்கே உள்ளது. டெயிலரின் நூலைப் படிப்போர் 1899ஆம் ஆண்டு அறிக்கையையும் வோட்டர்டவுன் விண்ணப்பத்தையும் உடன்வைத்துப் படிக்கவேண்டும். ஹோதோர்ன் அறிக்கைகளைப் படிப்போர் அகற்றப்பட்ட இரு பெண்களும் அவ்வறையைப்பற்றி என்ன எழுதியிருப்பர் என்று வினவவேண்டும். தொழிலிடத்தை ஆராயப் புகும் நமது இளம் ஆய்வாளரும், வினாக்கொத்தில் தரப்பட்ட கட்டங்களுள் அடங்காத தொழிலாளியின் சொல்லை ஏட்டில் எழுதிக்கொள்ளப் பழகவேண்டும். ஹென்றி நோல் தம் வீட்டுச் சுவரை எழுப்பிய மாலைப்பொழுதுகளில் எதை எண்ணினார் என்பது எந்த ஆய்விலும் பதிவாகவில்லை. அவருடைய வேலைநாளைப் பற்றிய விஞ்ஞானமோ நூற்றாண்டுக்கு மேலாகப் போதிக்கப்பட்டு வருகிறது.